சிவப்பு மோட்டாரும் அசனப் பானையும்

என் அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லாம் சுகம், என் முழங்கால்களைத் தவிர. சனிக்கிழமைத் தபாலில் உன் கடிதம் வந்தது. உறையின் கனத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தூத்துக்குடிக்குப் போன இத்தனை வருடத்தில் அரைப் பக்கத்துக்கு மேல் எழுதாத பிள்ளை ஆறு பக்கம் எழுதியிருக்கிறானே என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடுப்பில் இருந்த பாலைக்கூட மறந்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் பாதியில் என் உடம்பை விசாரித்திருந்தாய். மீதி ஐந்தரைப் பக்கமும் ஒரு மோட்டார் வண்டியின் உடம்பை விசாரித்திருந்தாய். பால் பொங்கி அடுப்பு அணைந்ததுதான் மிச்சம்.

மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சண்டைக்குப் போகிறாராம். கப்பலேறுவதற்கு முன்னால் தம்முடைய சிவப்பு மோட்டாரை விற்றுவிட்டுப் போகிறாராம். பந்தயத்துக்கென்றே சீமையில் செய்த வண்டியாம். மணிக்கு அறுபது மைல் ஓடுமாம். உன்னிடம் இருக்கும் கறுப்பு மோட்டாரையும் கொடுத்து, மேலே ஒரு தொகையும் கொடுத்தால் அது உன் கைக்கு வந்துவிடுமாம். அந்தத் தொகைக்கு ஸ்ரீவைகுண்டத்து வயலை விற்க வேண்டுமாம். வயல் நம் இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால், கிரயப் பத்திரத்தை நீயே எழுதி வைத்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளியும் வைத்து அனுப்பியிருக்கிறாய். முப்பது வருடம் இந்த ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். எங்கே எழுத வேண்டும் என்று எனக்குப் புள்ளி வைத்துக் காட்டுகிறாய். நன்றாயிருக்கிறது, அப்பா, நன்றாயிருக்கிறது.

உன் காரணங்களை மூன்று தடவை படித்தேன். சிவப்பு மோட்டார் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பாளையங்கோட்டைக்கு வந்து என்னைப் பார்த்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கறுப்பு மோட்டாரில் உனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. ரயிலில் மணியாச்சியில் மாறி வந்தால் அரைப் பொழுது. கிறிஸ்துமஸுக்கு வந்துவிட்டுப் போனவன், ஈஸ்டர் போயும் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. உன்னையும் என்னையும் பிரித்து வைத்திருப்பது அந்த ஒரு மணி நேரம்தான் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் இந்த முழங்காலோடு நானே பாதி வழிக்கு நடந்து வந்திருப்பேன்.

பஞ்சுத் தரகு செய்கிறவனுக்கு வண்டியைப் பார்த்துத்தான் மதிப்பு என்பது அடுத்த காரணம். சரி, மதிப்பு யார் கொடுக்க வேண்டும்? இப்போது பருத்திக் காலம். கோவில்பட்டிப் பக்கமிருந்தும் ஓட்டப்பிடாரத்துப் பக்கமிருந்தும் பொதி ஏற்றிய மாட்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக உன் ஊருக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. வண்டிக்காரன் பொதிமேல் சாய்ந்து தூங்குகிறான். மாடு வழி பார்த்துப் போகிறது. அந்த ரோட்டில் நீ மணிக்கு அறுபது மைல் ஓட்டப் போகிறாயா? நீ ஹாரனை அடித்தால் அவன் மாடு மிரண்டு பள்ளத்தில் இறங்கும். அவன் கொண்டு வரும் பஞ்சில்தான் உனக்குச் சோறு. அவனைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு யாரிடம் போய் மதிப்பு வாங்குவாய் என்று எனக்கு விளங்கவில்லை.

மோட்டார் என்றாலே எனக்கு ஆகாது என்று நினைத்துவிடாதே. கறுப்பு மோட்டாரை நீ வாங்கிக்கொண்டு வந்த முதல் நாள் நான் என்ன செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பண்டிகைக்கு மட்டும் உடுத்துகிற பட்டுச் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு, கேட்பதற்கு முன்னால் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் உன் மனைவியும் பிள்ளைகளும். கோயில் வரைக்கும் போய்த் திரும்பும்போது, உன் மாமா வீட்டுத் தெரு வழியாக ஒரு சுற்றுப் போகச் சொன்னேன். எதற்கு என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் உடன்பிறந்த தம்பி என்னை மோட்டாரில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். நீ என்ன செய்தாய்? தெருவுக்குள் திரும்பியதும் உன் சாமர்த்தியத்தையெல்லாம் காட்டி ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டாய். மறுநாள் அவன் வந்து, "எக்கா, நேத்து நம்ம தெருவுல ஏதோ தொரை மோட்டாரு பறந்துச்சே, பாத்தியளா? நான் வெளிய வாரதுக்குள்ள வெறும் புழுதிதான் கெடந்துச்சு" என்றான். பாத்தியளா என்று என்னைக் கேட்டான்! அதற்குள் உட்கார்ந்திருந்ததே நான்தான் என்று சொன்னேன். "போங்கக்கா" என்று சிரித்துவிட்டுப் போனான். உன் வேகத்தில் எனக்குக் கிடைத்த லாபம் இவ்வளவுதான்.

ஆகவே இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று நான் வெளியே தேட வேண்டியதில்லை. அது உனக்கு என் பக்கத்திலிருந்து வந்த சொத்து. அதனால்தான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இன்றைக்குச் சொல்லப் போகிறேன். கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுப் படி.

உன் அப்பாவின் இடது கால் ஏன் கடைசி வரைக்கும் வளைந்தே இருந்தது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். கோயில் மணிக்குக் கயிறு கட்ட ஏறினார், கால் தவறி விழுந்தார் என்பார்கள். உனக்கும் அதுதான் தெரியும். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தாய். அடக்க ஆராதனையில் குருவானவரும் சொன்னார், ஆண்டவருடைய ஆலயத்துக்காகத் தம் காலைக் கொடுத்தவர் என்று. நான் முதல் வரிசையில் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். அழுதேன்தான். கூடவே, இந்தப் பொய் கல்லறை வரைக்கும் வந்துவிட்டதே என்று எரிச்சலாகவும் இருந்தது. உன் அப்பா கருப்பட்டி வியாபாரி. கடையில் ஏணி ஏறினாலே தலை சுற்றுகிறவர். எந்த மணிக்கும் அவர் கயிறு கட்டவில்லை. அவர் காலை ஒடித்தது ஒரு ஜோடிப் பந்தய மாடு. அந்த மாட்டை வாங்க வைத்தவள் நான்.

அதற்கு முன் நம்மிடம் சாம்பல் நிறத்தில் ஒரு மயிலை மாட்டு ஜோடி இருந்தது. வாரம் முழுக்கக் கருப்பட்டிச் சிப்பம் இழுக்கும். ஞாயிற்றுக்கிழமை வில்வண்டியில் பூட்டினால், சிப்பம் இழுக்கிற அதே நடையில் கோயிலுக்குப் போகும். கோயில் வாசலில் அவிழ்த்துக் கட்டாமல் விட்டாலும் ஆராதனை முடிகிற வரைக்கும் அசையாது. உன் அப்பாவுக்கு அது போதும். எனக்கும் போதுமாகத்தான் இருந்தது, உன் மாமா ஒரு வெள்ளை ஜோடி வாங்குகிற வரைக்கும். ஒரு வருடம் உன் அப்பாவின் ஊரில் கோயில் அசன விருந்து முடிந்து பாளையங்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து சலங்கைச் சத்தம் கேட்டது. உன் மாமா எழுந்து நின்றுகொண்டு ஓட்டி வந்தான். நம்மைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்து, "பைய வாங்க அத்தான்! அடுத்த அசனத்துக்குள்ள வந்து சேந்துருவிய!" என்று கத்திக்கொண்டு போனான். அவன் கிளப்பிய செம்மண் புழுதி முழுக்க என் புதுச் சேலையில் படிந்தது. உன் அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "நம்ம மாடுவ என்ன, கல்லறத் தோட்டத்துக்கா போவுது? இப்படியா நடக்கும்?" என்றேன். ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆறு மாதம் சொன்னேன்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். உன் அப்பா நகர்ந்தார். மாட்டுச் சந்தைக்குப் போனார். உன் மாமாவும் கூடப் போனான். சந்தையில் மாட்டு விலையை வாயால் பேசுவதில்லை என்று உனக்குத் தெரியும். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எத்தனை விரல் என்பது தரகனுக்கும் வாங்குகிறவனுக்கும் மட்டும்தான் தெரியும். விலை மிஞ்சிப் போயிற்று என்றால் கையை வெளியே இழுத்துவிட வேண்டியதுதான், அதில் தப்பில்லை. ஆனால் மச்சினன் பக்கத்தில் நின்று துண்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கையை இழுத்தால் அவன் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அவனுக்குத் தெரியக் கூடாதே என்று உன் அப்பா இன்னொரு விரலைக் கொடுத்தார். மானம் தப்பியது. மயிலை ஜோடி சந்தையிலேயே கைமாறிப் போயிற்று. வீட்டுக்கு இரண்டு பேய்கள் வந்தன. துரையிடம் நீ விலை பேசியபோது உன் தொழில் கூட்டாளிகள் மூன்று பேர் பக்கத்தில் இருந்ததாக நான்காம் பக்கத்தில் எழுதியிருக்கிறாயே, அந்த வரியைப் படித்ததும் எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அழகான மாடுகள்தான், இல்லை என்று சொல்லவில்லை. பாலில் குளிப்பாட்டியது போல வெள்ளை. கொம்பு இரண்டும் ஒரே வளைவு. ஆனால் கருப்பட்டிச் சிப்பத்தை ஏற்றினால் ஓர் அடி நகராது. அதற்காக வாடகைக்கு வேறு மாடு பிடிக்க வேண்டி வந்தது. பருத்திக்கொட்டையும் உளுந்தும் அரைத்து ஊற்றாவிட்டால் முறைக்கும். கோயில் வாசலில் நிற்காது. ஆராதனை முடிகிற வரைக்கும் உன் அப்பாவோ நானோ வெளியில் நின்று மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வருடம் முழுவதும் நான் கேட்டது பாதிப் பிரசங்கம்தான். ஓடுகிற பொருளை வாங்கினால் அது தனியாக வருவதில்லை, மகனே. அதை ஓட வைக்க நாலு பொருள், நிற்க வைக்க நாலு பேர் என்று எல்லாம் கூடவே வந்துவிடும். சிவப்பு மோட்டாருக்கு மதராஸிலிருந்து மெக்கானிக் வர வேண்டும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதன் டயர் சீமையிலிருந்துதான் வர வேண்டுமாம். சீமையில் சண்டை நடக்கிறது. டயர் வருமா, குண்டு வருமா என்று யாருக்குத் தெரியும்?

அடுத்த வருடம் அசனம் வந்தது. கோயில் பண்டிகையன்று ஏழை பணக்காரர் என்று பார்க்காமல் ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோமே, அதை உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் நீ அசனத்துக்கு வந்து நாலு வருடமாகிறது, மறந்திருப்பாய் என்று சொல்கிறேன். வர முடியாதவர்களுக்கு வந்தவர்கள் பானையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதும் வழக்கம். அப்போது நம் தெருவில் கண் தெரியாத பழைய வாத்தியார் ஒருவர் இருந்தார். ஆள் துணை இல்லாதவர். வருடா வருடம் அவருக்கு அசனப் பானை நம் வண்டியில்தான் போகும். மதியம் சாப்பிடாமல் காத்திருப்பார். அந்த வருடமும் சோறும் கறியுமாக ஒரு பானையை ஓலையால் மூடிக் கட்டி, என் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். மடியில் நீ. உனக்கு எட்டு மாதம்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் உன் மாமாவின் சலங்கை கேட்டது. "என்னத்தான், பைய வாரியளா?" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. உன் அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். ஓய்வுநாள், கோயிலிலிருந்து வருகிறோம், மடியில் பிள்ளை, காலடியில் வாத்தியார் சாப்பாடு. வேண்டாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அவர் கயிற்றை இழுத்துப் பிடித்திருப்பார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடாதிய" என்றேன். முப்பது வருடமாகக் குருவானவர் பாவ அறிக்கை சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் வருகிறது.

மாடுகள் பறந்தன. உன் மாமாவைத் தாண்டினோம். நான் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். பார்த்து முடிப்பதற்குள் வாய்க்கால் திருப்பம் வந்துவிட்டது. சக்கரம் கரைமேல் ஏறியது. வண்டி சாய்ந்தது. உன் அப்பா அடியில் அகப்பட்டார். நான் வயலுக்குள் கிடந்தேன். மடியில் நீ இல்லை. அறுத்துப் போட்டிருந்த வைக்கோல்மேல் நீ குப்புறக் கிடந்தாய். அழவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை; எழுத மாட்டேன். பிறகு அழுதாய். நீ அன்றைக்கு அழுத சத்தத்தைவிட நல்ல சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

மாடுகள் மட்டும் பூட்டாங்கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, உன் மாமாவின் மாடுகளுக்கு வெகு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. கணக்குப்படி ஜெயித்தது நாங்கள்தான். அசனப் பானை வாய்க்காலுக்குள் இரண்டாக உடைந்து கிடந்தது. உன் மாமா வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்து, உன் அப்பாவின் காலைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். எங்களைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவனும் அவன்தான். நடந்தது எப்படி என்று குருவானவர் வந்து கேட்டபோது, ஓய்வுநாளில் மாட்டுப் பந்தயம் விட்டோம் என்று சொல்ல எங்கள் மூன்று பேருக்கும் நா எழவில்லை. "கோயிலுக்குப் போன எடத்துல விழுந்துட்டேன் ஐயா" என்றார் உன் அப்பா. அது பொய்யில்லை. அதோடு விட்டிருக்கலாம். உன் மாமா, "மணிக்குக் கயிறு கட்ட ஏறுனாக ஐயா" என்று சேர்த்துக்கொண்டான். மறு வருடம் அந்தக் காலுக்காகவே உன் அப்பாவைச் சபைக் கமிட்டியில் போட்டார்கள். அவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் நொண்டி நொண்டிப் போய், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். அடக்கமானவர் என்று அதற்கும் பேர் கிடைத்தது.

வாத்தியார் அன்றைக்குக் காத்திருந்தார் அல்லவா? அவருக்கு நான் என்ன பதில் சொல்ல? வீட்டில் இருந்த அரிசியைப் போட்டு, ஒரு கோழியை அடித்து, அவசர அவசரமாகக் குழம்பு வைத்து, ஒரு பானையில் எடுத்துக்கொண்டு போய், "அசனம் கொண்டாந்துருக்கேன் வாத்தியாரையா" என்று வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டார். "ஏம்மா, இது அசனச் சோறு இல்லியே. ஓங் கைப்பக்குவம்லா இது" என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "என்ன ஆச்சுன்னு நான் கேக்க மாட்டேன். சோறு நல்லாத்தான் இருக்கு" என்று மீதியையும் சாப்பிட்டார். கண் தெரியாத மனிதரின் முன்னால் அன்றைக்குப் பட்ட வெட்கத்தை நான் கண் உள்ள எவர் முன்னாலும் பட்டதில்லை.

கால் கட்டை அவிழ்த்ததும் உன் அப்பா செய்த முதல் வேலை பேய்களை விற்றது. மிஞ்சியதையும் கடையில் சேர்ந்ததையும் வைத்துப் பிற்பாடு அந்த ஸ்ரீவைகுண்டத்து வயலை வாங்கினார். பத்திரத்தில் என் பெயரையும் உன் பெயரையும் சேர்த்துப் போட்டார். "நம்ம ரெண்டு பேரு புத்தியையும் நம்ப முடியாது, அவனுக்கும் அதே புத்திதான் வரும். ஒருத்தன் ஓடுனா இன்னொருத்தர் புடிச்சி நிறுத்தட்டும்" என்றார். தொட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்து எப்படிச் சொன்னாரோ! உன் வீட்டில் இன்றைக்கும் வேகிற அரிசி அந்த வயலில் விளைந்தது. கரையோரத்து வாழைத் தாரை உன் பிள்ளைகள் அடித்துப் பிடித்துத் தின்கிறார்கள். தரகுத் தொழில் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது என்று நீதான் எனக்குப் பாடம் சொல்வாய். தொழில் படுத்துவிட்டால் சிவப்பு மோட்டாரைப் புழுக்கி உலையில் போடுவாயா?

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. உன் மனைவி எனக்கு வாரம் தவறாமல் எழுதுகிறவள். பெரியவனுக்குப் பல் விழுந்தது, சின்னவள் மண் தின்றது, கோழி அடைக்கு உட்கார்ந்தது எல்லாம் எழுதுவாள். கடைசி மூன்று கடிதத்திலும் மோட்டாரைப் பற்றி ஒரு சொல் இல்லை. வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சே இருக்காது என்று எனக்குத் தெரியும். எழுதாமல் விட்டதை வைத்தே நான் எல்லாவற்றையும் படித்துக்கொண்டேன். இதற்காக நீ அவளைக் கேட்கப் போகாதே. அவள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் விஷயமே. உன் கடிதத்தில் வண்டியின் விளக்கு, ஹாரன், எஞ்சின் மூடியைக் கட்டுகிற தோல்வார் வரைக்கும் எழுதியிருக்கிறாய். எத்தனை பேர் உட்காரலாம் என்பதை மட்டும் ஐந்தாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறாய். இரண்டு பேர். மேலே மூடாக்கும் கிடையாது. வீட்டில் நீங்கள் ஐந்து பேர். கறுப்பு மோட்டாரில் எல்லாரையும் அடைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறாய். அதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கினால், நீ ஒருவன் முன்னால் பறப்பாய். உன் குடும்பம் பின்னால் உன் புழுதியைத் தின்னும். அந்தப் புழுதியின் ருசி எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. முப்பது வயது தாண்டிய பிள்ளையைத் தடுக்க எனக்கு என்ன அதிகாரம்? துரை கப்பலேற இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். மூன்றாவது வாரம் அசனம். ஒரு நாளைக்கு அந்தச் சிவப்பு மோட்டாரை இரவல் கேட்டு வாங்கு. நீ, உன் மனைவி, மூன்று பிள்ளைகள், ஐந்து பேரும் அதில் ஏறி இங்கே வாருங்கள். என்னையும் ஏற்றிக்கொண்டு அசனத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு பானை சோறு வாங்கி, எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்துவிட்டு இப்போது கால் வராமல் படுத்திருக்கிறாளே அடுத்த வீட்டுக்காரி, அவளிடம் ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டாயானால், நீ வைத்த புள்ளிமேலேயே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இன்னும் சில வருடத்தில் அந்தப் பானை எனக்காக வர வேண்டியிருக்கும். அது சிந்தாமல் வருவதில் எனக்கும் அக்கறை உண்டு.

முடியாது என்று இதைப் படிக்கும்போதே உனக்குத் தெரிந்துவிட்டால், சண்டை எதற்கு, கறுப்பு மோட்டாரிலேயே வா. முன்னால் எனக்கு இடம் வை. பானையை நானே மடியில் வைத்துக்கொள்கிறேன், முன்னைப்போல விடமாட்டேன். பானையைக் கொடுத்துவிட்டு, உன் மாமா தெருவுக்கு வண்டியைத் திருப்பு. அவனுக்கும் வயதாகிவிட்டது, சாயங்காலம் முழுக்க வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு போகிற வருகிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். தெரு முனையிலேயே ஹாரனை அடித்துவிடு. அதற்கப்புறம் பைய ஓட்டு, ராசா. நடக்கிற மனிதன் நம்மைத் தாண்டிப் போனாலும் போகட்டும். இந்தத் தடவை அவன் என்னைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்கும்
உன் அம்மா